சப்பாத்துக் கழற்றாத மச்சாள்

என் வலது காலில், பெருவிரலின் அடியில் எலும்பு துருத்தத் தொடங்கிப் பல வருடம். விரலும் மெல்ல மெல்லப் பக்கத்து விரலின் மேல் சாய்ந்துகொண்டு வந்தது. போன வருடம், வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் நாலு இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. எலும்பு டொக்டரிடம் போனேன். வெட்டி நேராக்கலாம், இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அது கட்டுக்குள் இருக்கும்போதே செய்வது நல்லது என்றார். ஆனால் ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, குதிகாலால் மட்டும் நடக்க வேண்டுமாம். மாடிப்படி கூடவே கூடாதாம்.

எனக்கு டொக்டரிலும் முழு நம்பிக்கை வரவில்லை. நான் யோசித்து முடிக்கும் முன்பே நாள் குறிக்க டயரியைத் திறந்தவரை எப்படி நம்புவது? அதோடு நான் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கணவர் போனபின் தனியாள். யார் சமைப்பது, குளிக்க யார் கை கொடுப்பது? வேண்டாம் என்றே விட்டிருப்பேன்.

அப்போதுதான் கொட்டாஞ்சேனை மச்சாள் வந்தாள். கணவரின் தங்கை. அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஊர்க் காணியை விற்று அண்ணன் இந்த வீட்டை வாங்கியதை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. நல்லநாள் பெருநாளுக்கு வந்து தலையைக் காட்டுவாள். அதுவும் இந்த மூன்று வருடமாகச் சப்பாத்தைக் கழற்றுவதில்லை. சேலைக்குக் கீழே கன்வஸ் சப்பாத்து, அதோடு நேரே நடுவீட்டுக்குள். இது என் அண்ணன் வீடு, எப்படியும் வருவேன் என்று காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். அவள் போனதும் வாளியில் சவர்க்காரத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் தரையைக் கழுவுவேன்.

யார் சொன்னார்களோ, என் கால் விஷயம் அவள் காதுக்குப் போயிருந்தது. கட்டாயம் செய்யத்தான் வேண்டும் என்றாள். ஆறு கிழமையும் தன் வீட்டில் தங்கி நிற்கச் சொன்னாள். அது கீழ்வீடு, படியே இல்லை. உட்கார்ந்து குளிக்கப் பிளாஸ்டிக் கதிரை, காலை உயர்த்தி வைக்க இரண்டு தலையணை, கட்டு நனையாமல் சுற்றப் பொலித்தீன் பை என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். போகும்போது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற, பூட்டைத் திறந்து உள்ளே வர வீட்டுத் திறப்பையும் கேட்டாள்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். என் பல்கனியில் இருப்பது ஒரு துளசியும் ஒரு கற்றாழையும். அவற்றுக்காகக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவாளா? நான் அங்கே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்க, இங்கே அலுமாரியில் வீட்டு உறுதிப் பத்திரம் கிடக்கும். எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த வீடு ஒன்றுதான். அறையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த கிழமை ஓட்டோ பிடித்துப் போனேன். அறையைப் பார்க்க என்று பேர், உண்மையில் ஆளை நோட்டம் விடத்தான். அறை நன்றாகத்தான் இருந்தது. கட்டில், காற்றாடி, குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் பிடித்து நடக்கப் புதிதாகப் பூட்டிய இரும்புக் கம்பி. குறை சொல்ல ஒன்றும் அகப்படாதது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. ஒன்று மட்டும் இடித்தது. சொந்த வீட்டுக்குள்ளும் அவள் சப்பாத்தோடுதான் நடந்தாள்.

பொழுதுபட, சாமி அறையில் விளக்கேற்ற எழுந்தாள். வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். இடது காலின் பெருவிரல் என்னுடையதைவிட மோசமாகக் கோணியிருந்தது. பக்கத்து விரல் இருக்க வேண்டிய இடத்தில் தழும்புதான் இருந்தது.

நான் பார்ப்பதை அவள் கண்டாள். மறைக்கவில்லை.

"ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி உரசிப் புண் வந்தது. நான் பயத்தில ஒப்பரேசனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தனான். பிறகு சீனி கூடிப் புண் மாறேல்லை, விரலை எடுத்துப் போட்டினம். இனி வெறுங்காலோட நடக்கக்கூடாதாம்."

"ஏன் மச்சாள் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கோ? நான் படி இறங்கி முடிய முதலே வாளிச் சத்தம் கேக்கும்."

அவள் உள்ளே போய் விளக்கேற்றினாள். நான் குனிந்து அவளுடைய சப்பாத்தைக் கதிரையோரம் சேர்த்து வைத்தேன். வீட்டுக்கு வந்து டொக்டரிடம் நாள் எடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, திறப்பை வாங்க வந்தாள். வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள்.

"கழட்டாதேங்கோ," என்றேன். "அப்பிடியே வாங்கோ."

தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுத் திறப்பு வளையத்தை நீட்டினேன். அலுமாரித் திறப்பை மட்டும் காலையிலேயே கழற்றி ஒளித்து வைத்திருந்தேன், பழக்கதோஷம். அவள் வளையத்தைப் பையில் போடப் போனாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நொண்டி நொண்டி அறைக்குள் போய் ஒளித்து வைத்ததையும் எடுத்து வந்து வளையத்தில் கோத்துக் கொடுத்தேன்.