மூன்று சோம்ராக்களும் ஒரு கறுப்புக் கல்லும்

வெட்டி முடித்த கல்லில் ஒரு பெயர் விட்டுப்போனால் எங்கள் தொழிலில் அதற்கு மருந்து கிடையாது. பேப்பர் என்றால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். கிரானைட்டில் அது நடக்காது.

போடியில் ஒரு கல்வெட்டுப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் எழுத்து அமைத்து ரப்பர் ஸ்டென்சில் வெட்டித் தருவது என் வேலை. அதைக் கல்லில் ஒட்டி, மணலைப் பீய்ச்சி அடித்தால் எழுத்து பள்ளமாக விழும். எனக்கு ஒரே ஒரு முறை, ஒரே கல்லில் பதினோரு பெயர் விட்டுப்போனது.

1. ரெஜினா டீச்சரின் போட்டோக்கள்

காலேஜில் வரலாறு எடுக்கும் ரெஜினா டீச்சர், மாமனாரின் கல்லறைக் கல்லுக்கு புரூஃப் பார்க்க வந்திருந்தார். பிரிண்டர் மக்கர் பண்ணியது. காத்திருந்த நேரத்தில், ஏதென்ஸ் போனபோது மியூசியத்தில் எடுத்த போட்டோக்களை போனில் காட்டினார். எல்லாம் பழைய கல்லறைக் கற்கள்.

"இதுல உள்ளூர்க்காரன் யாரு, பொழைக்க வந்தவன் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது சொல்லுங்க" என்றார்.

நான் எழுத்து வெட்டிய நேர்த்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்.

"உள்ளூர்க்காரன்னா அப்பா பேரும் அவன் பகுதியோட பேரும் இருக்கும். வந்தவன்னா பொறந்த ஊரு இருக்கும். காலம் பூரா ஏதென்ஸ்ல இருந்தாலும் அதே ஊர்தான். சில கல்லுல கிரேக்க எழுத்துக்குக் கீழ அவங்க சொந்த எழுத்துலயும் வெட்டியிருக்காங்க."

அடுத்து உடைந்த துண்டு ஒன்றைக் காட்டினார். அது கல்லறைக் கல் இல்லை. ஏதென்ஸில் கொடுங்கோலர்களை விரட்டச் சேர்ந்து சண்டை போட்ட வெளியூர்க்காரர்களுக்கு அந்த நகரமே மரியாதை செய்து வெட்டிய பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் பார்த்த வேலை. தோட்டக்காரர், தச்சர், ரொட்டி சுடுபவர், கழுதை ஓட்டுபவர்.

கழுதை ஓட்டுபவருக்குக் கல்லில் இடமா என்று சிரித்தேன். பிறகு ஆர்டர் நெருக்கடியில் மறந்துவிட்டேன்.

2. "எங்க பேரு எது?"

அடுத்த மழைக்குப் போடிமெட்டுப் பக்கம் ஒரு குடியிருப்பில் மண் சரிந்து குடிதண்ணீர் ஊற்றை மூடிவிட்டது. சனங்கள் சேர்ந்து தோண்டி, தண்ணீரை மீட்டு, புதுத் தொட்டி கட்டினார்கள். கமிட்டித் தலைவர் செல்வராசு அண்ணன் ஜீப் டிரைவர். அவர் கொடுத்த பட்டியலில் ஒன்பது பெயர். வெட்டி, பாலிஷ் துடைத்து, வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி சாகுல் அண்ணனும் நானும் கொண்டுபோய் இறக்கினோம். ஞாயிறு திறப்பு.

ஏலக்காய் எஸ்டேட்டில் காய் பறிக்கும் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி ஓடிவந்து கல்லைத் தடவிப் பார்த்தாள். பெயர் புத்னி. மலைக்கு வந்து ஆறு வருடம் என்றாள்.

"அக்கா, எங்க பேரு எது?"

எந்தப் பேரு என்று விசாரித்தேன். அவளும் கூட வந்த பத்துப் பேரும் வேலை முடிந்த பிறகு எட்டு நாள் அந்த மண்ணை அள்ளியிருக்கிறார்கள். பெயர் இல்லை என்று சொன்னதும் "சரி அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செல்வராசு அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"அவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்கு வேற எஸ்டேட்டுக்குப் போயிருவாங்க. கல்லுல எதுக்கு ஆத்தா?"

"போயிருவாங்கன்னுதாண்ணே கல்லுல வெட்டணும்" என்றேன். ரெஜினா டீச்சர் காட்டிய பட்டியலைச் சொன்னேன்.

அவர் ஒரே இடத்தில் நின்றுவிட்டார். "கழுதை ஓட்டுனவனுக்கா?"

"ஆமாண்ணே. வேலையோட சேத்து வெட்டியிருக்கு."

"அப்ப ஜீப்பு ஓட்டுறவனுக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "தலைவர்னு போட்டத எடுத்துரு. ஜீப் டிரைவர்னு போடு. எல்லாரையும் போடு. ஆனா வெரசா முடிக்கணும்."

3. கல்லைத் திருப்பினோம்

கல்லை மறுபடி லோடு ஏற்றினோம். புதுக் கல்லுக்கு நேரமில்லை. சாகுல் அண்ணன் கல்லின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். "திருப்பிப் போடுங்கப்பா. பின்பக்கம் பாலிஷ் ஏத்துவோம்." வெள்ளி ராத்திரி முழுக்கப் பாலிஷ் மெஷின் ஓடியது.

நான் புத்னிக்கு போன் போட்டுப் பெயர்களைக் கேட்டு எழுதினேன். அதில் மூன்று சோம்ரா. எந்தச் சோம்ரா யார் என்று எப்படித் தெரியும்? வேலையை எழுதியதும் குழப்பம் தீர்ந்தது: மருந்து அடிப்பவர், காய் உலர்த்துபவர், சமையல்காரர். ஊர் போடவா என்று கேட்டேன். போனுக்கு அந்தப் பக்கம் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் ஜார்க்கண்ட் என்று போதும் என்றார்கள். உள்ளூர், வெளியூர் பிரிக்காமல் இருபது பேரையும் அகர வரிசையில் கலந்து அமைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் எழுத்து விழுந்தது.

4. திறப்பு

ஞாயிறு காலை துணியை விலக்கி, செல்வராசு அண்ணன் மைக்கில் பட்டியலை வாசித்தார். "சோம்ரா, காய் உலர்த்துபவர், ஜார்க்கண்ட்" என்றதும் கூட்டத்திலிருந்து "பிரசண்ட் சார்!" என்று ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பெயர் வந்த ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள், எஸ்டேட் மேஸ்திரி உட்பட. புத்னி முறை வந்தபோது அவள் போனை உயர்த்தி வீடியோவில் அம்மாவுக்குக் கல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல மறந்துவிட்டாள். இரண்டாவது முறை வாசிக்கவைத்து, கையைத் தூக்கிக் கத்தினாள்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பட்டியல் கையில் வந்ததும் ஸ்டென்சில் வெட்டாதீர்கள். வேலை நடந்த இடத்துக்கு ஒரு நடை போய், இங்கே வேறு யார் கை வைத்தார்கள் என்று கேளுங்கள். நான் இப்போதெல்லாம் போகிறேன். இதுவரை ஒரு தடவையும் வெறுங்கையோடு திரும்பியதில்லை.