பூமியை நடுவில் வைத்தவள்

நாங்கள் படித்தது ஜவ்வாது மலையில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளி. பத்தாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் கண்காட்சிக்கு என்னையும் என் தோழியையும் அனுப்பினார். பழைய வானியலாளர்கள் பிரபஞ்சத்தைப் பற்றிப் போட்டுக்கொண்ட சண்டைதான் தலைப்பு. சூரியனை நடுவில் வைத்த மாதிரியைச் செய்வது என் பங்கு. பூமியை நடுவில் வைத்தது அவள் பங்கு. தோற்ற கட்சி கிடைத்ததற்காக அவள் வருத்தப்படவில்லை.

என் வேலை சுலபம். ஒரு பந்து, சுற்றிலும் கம்பி வளையங்கள். அவளுடையது அப்படியில்லை. செவ்வாய் சில சமயம் வானத்தில் பின்னோக்கிப் போவதுபோல் தெரியும். அதற்காக அந்தக் காலத்தவர்கள் பெரிய வட்டத்தின் மேல் ஒரு சின்ன வட்டத்தை ஓடவிட்டிருந்தார்கள். அவள் சைக்கிள் கம்பியை வளைத்து அதைச் செய்தாள். கைப்பிடியைச் சுற்றினால் சிவப்பு மணி முன்னே போய், தயங்கி, பின்னே வந்து, மறுபடி முன்னே போகும்.

கலசப்பாக்கத்தில் கண்காட்சி. நடுவர் அவள் மேசை முன் நின்று சிரித்தார்.

"தப்புன்னு தெரிஞ்சத எதுக்கும்மா செஞ்சிட்டு வந்த?"

"அவங்க ஏன் நம்புனாங்கன்னு காட்டத்தான் சார். பூமி சூரியன அவ்ளோ தூரம் சுத்துனா நட்சத்திரம் கொஞ்சமாவது இடம் மாறித் தெரியணும் இல்லீங்களா? பஸ்ல போறப்ப மரம் மாறித் தெரியுதே."

அவர் என் மேசைக்கு நகர்ந்தார். பரிசு எனக்குக் கிடைத்தது.

சூரியனை நடுவில் வைத்தவர்களை நூற்றாண்டுக்கணக்கில் திணறடித்த கேள்வி அது என்று கல்லூரியில் படித்தேன். நட்சத்திரங்கள் இருக்கும் தொலைவில் அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது. அதை அளக்க நல்ல தொலைநோக்கிகள் வர வேண்டியிருந்தது. அவளிடம் சொல்ல வழியில்லை. அதற்கு முன்பே அவள் செத்துப்போயிருந்தாள்.

பரீட்சை முடிந்த கையோடு அவளுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். டீச்சரும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா புளி தட்டிக்கொண்டிருந்தார்.

"சின்னப் பொண்ணுங்க. மேல படிக்கட்டும்," என்றார் டீச்சர்.

"படிச்சி இன்னா டீச்சர் ஆவப்போவுது? சொந்தத்துல கேட்டாங்க, வாக்கு குடுத்துட்டேன். நீங்க போய்ட்டு வாங்க."

அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. டீச்சர் புகார் கொடுத்தார். அதிகாரிகள் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அதற்குள் கீழே ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டார்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்குப் பிரசவ வலி வந்தது. அடைமழையில் பாதை அறுந்து கிடந்தது; ஜீப் ஏற முடியவில்லை. போர்வையில் தொட்டில் கட்டி, கம்பில் மாட்டிச் சுமந்து இறங்கினார்கள். வழியிலேயே குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை.

அவள் அம்மா வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அப்பொழுதும் மழை விட்டிருக்கவில்லை. அவள் அம்மா குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

"பொண்ணும்மா. பால் பவுடர் வாங்கியார எங்க ஊட்டுக்காரரு கீழ ஒடுகத்தூர் போயிருக்காரு. காலைல போனவரு, இன்னும் வரல."

குழந்தை பசியில் கத்தியது. பஸ் வருமா என்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றோம்.