பூஜையில் வைத்த சிடி

நான் காலேஜில் படித்த நாட்களில் எங்கள் பேட்டையான ஸ்ரீவராகத்தில் எல்லோரும் கம்ப்யூட்டர் கேம் என்றால் சாலைக் கடைத்தெருவில் கள்ளப் பிரதியைத்தான் வாங்குவார்கள். தெருவிலேயே நான் ஒருத்திதான் யோக்கியமாக ஒரிஜினல் வாங்கினேன். யோக்கியத்துக்குப் பரிசாக அதில் ஒரு பூட்டும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த சிடியைப் போட்டால்தான் கேம் திறக்கும். கள்ளப் பிரதிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

கோட்டை பிடிக்கும் கேம். அண்ணாவும் நானும் மாதக்கணக்கில் சேர்ந்து ஆடி, கடைசிக் கோட்டை மட்டும் பாக்கி. அண்ணாவுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. விஜயதசமியன்று பயணம். அதற்குள் பூஜை விடுமுறையில் முடித்துவிடுவதாகப் பேச்சு.

துர்காஷ்டமி சாயங்காலம் அம்மா எங்கள் புத்தகங்களைப் பூஜையில் வைத்தாள். மேலே அந்த சிடி.

“அம்மா, அது கேம்.”

“கம்ப்யூட்டர்னா படிப்புதானேடி. வெச்சதை விஜயதசமி வரைக்கும் எடுக்கப்படாது, கேட்டியா?”

வருஷம் முழுக்க அதைத் தரித்திரம் என்று திட்டியவள் அவள்தான். எனக்கோ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சரஸ்வதியோடு வம்பு வைத்துக்கொள்ளத் துணிச்சலில்லை. விஜயதசமி காலையில் சிடி குங்குமத்தோடு கைக்கு வந்தபோது டாக்ஸி வாசலில் நின்றது.

சில வருஷங்கள் கழித்து, கேம் வெளியிட்டவர்களே இன்டர்நெட்டில் ஒரு சின்ன ஃபைலைப் போட்டு அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த தோழியிடம் காரணம் கேட்டேன்.

“பூட்டெல்லாம் புதுசா விக்கற கொஞ்ச நாளைக்குத்தான். அதுக்குள்ள கள்ளன் உடைச்சுடுவான். அப்பறம் சிடி கீறிப்போச்சு, புது கம்ப்யூட்டர்ல ஓடலைன்னு காசு குடுத்தவா மாத்ரம் போன்ல விளிச்சு சண்டை போடுவா. எதுக்கு வம்புன்னு எடுத்துடறா.”

திருடனுக்கு ஒரு வாரம், வாங்கினவளுக்கு வருஷக்கணக்கு. நல்ல நியாயம்தான். ஆனாலும் சந்தோஷமாகவே துபாய்க்குப் போன் போட்டேன்.

“அண்ணா, பூட்டை எடுத்துட்டா. இனி அம்மா சிடியைப் பூஜைல வெச்சாலும் ஆடலாம். லீவுக்கு வரச்சே கடைசிக் கோட்டையை முடிச்சுடலாம்.”



“அதை அந்த நவராத்திரியிலேயே எதிராத்துல முடிச்சுட்டேனே. அவா கிட்ட சாலைல வாங்கின கள்ள சிடி இருந்தது. நோக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லலை.”

ஒரிஜினல் சிடி என் கையில்தான் இருந்தது. அவனில்லாமல் முடிக்கக்கூடாது என்று அத்தனை வருஷமும் நான் அதைத் தொடவே இல்லை.