வானிலை சரியில்லை என்று சொன்னேன்

என் தந்தையின் மறதியை நான் பயன்படுத்திக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள், அவர் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன்.

இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி…

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. இந்தத் தீவில், லம்பா லைன் பகுதியில் என்னோடு இருக்கிறார். காலையில் தின்ற இட்லி பதினோரு மணிக்கு நினைவிருக்காது. ஆனால், சிறுவயதில் அக்கா தன்னை இடுப்பில் சுமந்து கண்மாய்க்குப் போனதை அவள் பாவாடையின் நிறத்தோடு சொல்வார். அண்மை நினைவுகள்தாம் முதலில் போகும், பழையவை நீண்ட நாள் நிற்கும் என்றார் டாக்டர். அப்படியானால் அவசரமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

காரைக்குடியில் இருக்கும் அந்த அக்காவைப் பார்க்கத்தான் தினமும் கேட்பார். "மெயின்லேண்ட் கப்பல் எப்பம்மா?"

"மௌசம் கராப்பா இருக்குப்பா. கப்பல் கேன்சல்."

வானிலை சரியில்லை என்பதற்கு எங்கள் தீவுப் பேச்சு அது. முதல் நாள் நான் சொன்னது உண்மை, கடலில் புயல். தீவில் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர், மறுபேச்சின்றித் தலையாட்டினார். மறுநாளும் கேட்டார். வெளியே வெயில் சுட்டெரித்தது! நான் அதையே சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்.

எவ்வளவு சுலபமாகிவிட்டது… ஒரே பொய் எல்லா நாளுக்கும் போதுமானதாக இருந்தது.

ஏன் செய்தேன்? லீவு இல்லை என்று உறவினரிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. கப்பலில், தெரிந்த முகங்களுக்கு நடுவே, அவர் வேட்டியை நனைத்துவிடுவாரோ என்று கூசினேன். விமானத்தில் போயிருக்கலாமே என்பீர்கள். அங்கும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள்! பெற்ற தகப்பனை நினைத்து வெட்கப்பட்டவள் நான்.

அத்தை ஃபோனில் கெஞ்சினாள். "அவனுக்கு என்னைய அடையாளம் தெரியுறப்பவே ஒருதடவ கூட்டியாந்துரு தாயி." சரி என்றேன். கூட்டிப்போகவில்லை.

போன மாதம் அத்தை படுத்த படுக்கையானாள். ஊர் என்ன பேசுமோ என்று அஞ்சித்தான் டிக்கெட் எடுத்தேன். அதை அப்பாவின் கையில் வைத்து, அக்காவைப் பார்க்கப் போகலாம் என்றேன்.

டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த அக்கா?"

பிறகு, எனக்கு ஆறுதல் சொல்பவரைப்போல என் கையைத் தட்டிக்கொடுத்தார். "மௌசம் கராப்பும்மா. கப்பல் போகாது."

கண்மாய் போய்விட்டது, பாவாடையின் நிறம் போய்விட்டது… நான் சொன்ன பொய் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது.

கப்பல் போனது. நாங்கள் போகவில்லை. அத்தையிடம் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா?

வானிலை சரியில்லை என்றேன். அடுத்த கப்பல்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பதாக அவள் சொன்னாள்.