பந்து வராத ஆள்

என் அக்காவைக் கட்டியவர் சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் நான் அவர்கள் வீட்டிலேயே வளர்ந்து, அங்கிருந்தே வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். பாரிமுனையில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா. சாயங்காலம் டிராமில் திரும்பியதும் சட்டையை மாற்றிக்கொண்டு பங்குக் கோயில் மைதானத்துக்கு ஓடுவேன். பங்கு வாலிபர் சங்கத்துக்கு ஒரு பாஸ்கெட்பால் கோஷ்டி இருந்தது. அத்தான்தான் அதற்குக் கோச்.

அவர் கெட்டவர் இல்லை என்று அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

யுத்தத்துக்கு முன்னால் இந்த ஊரில் பாஸ்கெட்பால் ஆடிய விதத்தை இப்போது சொன்னால் சிரிப்பார்கள். ஆளுக்கு ஓர் இடம். பின்னால் இரண்டு பேர், முன்னால் இரண்டு பேர், நடுவில் நெட்டையாக ஒருவன். பந்தை எப்படியாவது நெட்டையனிடம் சேர்த்துவிட்டால் மற்ற நான்கு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவன் என்ன செய்கிறான் என்று வேடிக்கை பார்ப்பார்கள். எங்கள் நெட்டையன் ஒரு கோடையில் டைபாய்டு வந்து செத்துப்போனான். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது அத்தான் என் காதோரம் கேட்டார்: "அடுத்த நெட்டையனுக்கு எங்கடா போறது?"

யுத்தம் வந்துவிட்ட சமயம் அது. கிண்டிப் பக்கம் பட்டாளத்துக் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தரையைச் சமன்செய்து, இரண்டு கம்பம் நட்டு, ஓய்வு நேரங்களில் பாஸ்கெட்பால் ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய், முள்வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். காவலாளி விரட்டினால் கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடியும் நிற்பார். அப்படி ஒருநாள் வெயிலில் முகம் கறுத்துத் திரும்பி வந்தவர், சாப்பாட்டு மேசையில் பத்துப் புளியங்கொட்டையைப் பரப்பினார்.

"நெட்டையனே வேணாம்டா. யாருக்கும் இடமே கிடையாது. பந்தைக் குடுத்தவன் அங்கயே நிக்கக் கூடாது, கூடையைப் பார்த்து ஓடணும். அவன் விட்டுட்டுப்போன இடத்துக்கு இன்னொருத்தன் வந்துடணும். எவன் காலியா இருக்கானோ அவனுக்குப் பந்து. அவ்வளவுதான் ஆட்டமே."

"கொட்டையை எடுங்க, சாதம் போடணும்" என்றாள் அக்கா.

மறுநாளே மைதானத்துக்குப் பிரம்போடு வந்தார். நின்றவன் கெண்டைக்காலில் பிரம்பு விழும். நாங்கள் யாரும் பள்ளிப் பையன்கள் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தையும் இருந்தது. தபாலாபீசில் வேலை பார்த்த அவனை அவனுடைய மச்சினன் எதிரிலேயே விளாசினார். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. "நிக்கிற ஆளு போனா நல்லதுதான்" என்றார் அத்தான்.

பல நாள் பந்தே கொடுக்க மாட்டார். சங்கத்து அறையில் வைத்துப் பூட்டிவிடுவார். "பந்து இருந்தா எல்லாரும் அதையே பார்க்கிறீங்க. ஒருத்தனை ஒருத்தன் பார்க்கக் கத்துக்கோங்க" என்பார். பந்தில்லாமல் ஐந்து பேர் புழுதியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைப் பார்த்து, கோயிலுக்கு வருகிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள். ஆனால் சில மாதத்தில் அது கண்ணுக்கு அழகாக வந்துவிட்டது. வாரத்துக்கு ஒன்றாக அவர் புதிது புதிதாகச் சேர்த்தார். காவல் நிற்கிறவன் பந்தைத் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் புகுந்து விடுவது, ஓடுகிற மாதிரி ஓடிச் சட்டென்று திரும்பி வருவது. பந்து தரையில் படாமலே கூடைக்குப் போய்விடும்.

எனக்குக் கால் வேகம். கைதான் வேர்க்கும். சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை எப்போதும் ஈரம். ஆபீசில் மை கலைந்துவிடாமல் இருக்க, கைக்கு அடியில் மையொற்றுத் தாள் வைத்துக்கொண்டுதான் எழுதுவேன். பயிற்சியில் பந்து நழுவியது உண்டு, யாருக்குத்தான் நழுவவில்லை என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். அப்படிச் செய்கிறவர் இல்லை.

"தம்பி, நீதான் இந்த ஆட்டத்துக்கு உயிர். நீ ஓடலேன்னா மத்த நாலு பேரும் பொணம். வலது மூலையிலேர்ந்து கூடைக்கு அடியில வெட்டி இடது மூலைக்குப் போ. திரும்பி வா. கையைத் தூக்கிக் கத்திக்கிட்டே ஓடு. நிக்கவே நிக்காதே."

அந்த வருஷம் முழுவதும் நான் ஓடினேன். தினம் சாயங்காலம் வந்து, எப்படி ஓடினேன், எந்த இடத்தில் எவனை ஏமாற்றினேன் என்று அக்காவிடம் சொல்வேன். அவள் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு துண்டு மீனைத் தட்டில் வைப்பாள். பந்தயங்களில் பந்து என் கைக்கு வந்ததே இல்லை. என்னைவிட இன்னொருவன் காலியாக இருந்திருப்பான், ஆட்டத்தின் விதியே அதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம்.

கடைசிப் பந்தயம் மாம்பலத்தில், பார்க்குக்குப் பக்கத்து மைதானத்தில். எதிரணி ஊரின் வடக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மில் தொழிலாளர் கோஷ்டி. என்னைக் காவல் காத்தவன் குட்டையாக, கட்டுமஸ்தாக, வெற்றிலைக் காவி படிந்த பல்லோடு இருந்தான். முதல் பாதி முழுக்க என் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தான். இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டான்.

"இன்னா நைனா, சும்மா ஓடிக்கினே கீறே? கொஞ்சம் நில்லு" என்றான். "உனக்குப் பந்து குடுக்க மாட்டானுங்க. இம்மா நேரமா பாத்துக்கினு தானே கீறேன். உன் ஆளுங்களே உன்னைப் பார்க்கல, நான் எதுக்கு உன்னைப் பார்க்கணும்?"

கேலி செய்கிற குரலே இல்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வதுபோல் சொல்லிவிட்டு, என்னை விட்டு நகர்ந்து கூடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

கூடைக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் நான் மட்டும் நின்றேன். என்னைச் சுற்றி யாருமே இல்லை. பந்து என் சிநேகிதனிடம் இருந்தது. கச்சேரி ரோட்டில் புத்தகம் பைண்டு பண்ணும் கடைக்காரர் மகன் அவன், வீட்டில் உருது பேசுவார்கள், பங்கைச் சேர்ந்தவன் இல்லை, ஆனாலும் எங்கள் கோஷ்டியில் அவனைப்போல் பந்து கொடுக்க ஆள் கிடையாது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். அவன் என்னை நேராகப் பார்த்தான். பார்த்துவிட்டு, இரண்டு பேர் மறித்துக்கொண்டிருந்த இன்னொருவனுக்கு எறிந்தான். பந்து பறிபோனது. மறுபடியும் அதே மாதிரி. கூட்டத்திலிருந்து ஒருவன், "டேய், அந்த ஆளு உங்க டீம்தானாடா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தான் ஆட்டத்தை நிறுத்திக் கூப்பிட்டார். எனக்குப் பந்து கொடுக்கச் சொல்லத்தான் என்று நினைத்து முதலாளாக ஓடினேன்.

"கண்டுபுடிச்சுட்டான்" என்றார் மற்றவர்களிடம். பிறகு என்னிடம், "நீ வெளிய உட்காரு."

"நான் காலியாத்தானே நிக்கிறேன் அத்தான்? குடுக்கச் சொல்லுங்களேன்."

"உன் பின்னாடி ஒருத்தன் ஓடிவர்ற வரைக்கும்தான் நீ ஆட்டக்காரன். இப்போ யாரு வர்றா?"

கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குப் பதில் வேறொருவனை அனுப்பினார். கொஞ்ச வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்தோம். நாங்கள் என்றா சொன்னேன்? அவர்கள் ஜெயித்தார்கள்.

சிநேகிதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துலேர்ந்தே. உனக்குக் குடுக்கவே கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. குடுத்தா பிரம்பு."

"நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ நெஜமா ஓட மாட்டியாம். அதையும் அவரே சொன்னாரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்: "ஜெயிச்சுக்கினு இருந்தோம்ல?"

வீட்டில் அக்கா பாயசம் வைத்திருந்தாள். ரேஷன் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து வைத்த பாயசம். அத்தான் சங்கத்துக்காரர்களோடு இருந்தார், இன்னும் வரவில்லை.

"உனக்கும் தெரியுமா?" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இந்த மேசையிலதானே அவர் கொட்டை வெச்சு யோசிப்பார். ஒண்ணை மட்டும் தனியா வெச்சு, இது சும்மா ஓடறதுக்குன்னு சொல்வார்."

"நான் தினம் உன்கிட்ட வந்து கதை சொன்னேனேக்கா."

"சந்தோஷமா சொன்னே. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்." பாயசத்தை ஊற்றிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "உன் கை வேர்க்கும், பந்து நிக்காதுன்னு அவர்கிட்ட சொன்னதே நான்தான்" என்றாள்.

நான் பாயசத்தைக் குடித்தேன். பசித்தது. அந்த வாரமே லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ் மாடியில் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் டிராம் ஏறி வடக்கே, மில் கோஷ்டியின் மைதானத்துக்குப் போனேன். வெற்றிலைப் பல்காரன் என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். "இங்க வந்தா மட்டும் பந்து வருமா நைனா?" என்றான். ஆட வரவில்லை, சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அத்தானின் கோஷ்டியை அடிக்க வழி தெரியும் என்றதும் சிரிப்பு நின்றது.

நான் சொன்னது இவ்வளவுதான். யார் பின்னாலும் ஓடாதீர்கள். முன்னால் இரண்டு பேர், கூடைக்குக் கீழே மூன்று பேர், கையைத் தூக்கிக்கொண்டு அவரவர் இடத்தில் நில்லுங்கள். பந்து எங்கே போகிறதோ அந்தப் பக்கம் ஒரு அடி நகர்ந்தால் போதும். அவர்கள் ஓடட்டும். அத்தானின் ஆட்டம் முழுக்க, பின்னால் ஒருவன் துரத்தி வருவான் என்பதை நம்பித்தான் இருந்தது. யாருமே துரத்தாவிட்டால் அது வெறும் ஓட்டம்.

அடுத்த வருஷம் அதே மாம்பலம் மைதானத்தில் எதிரெதிராக நின்றோம். அத்தானின் ஆட்கள் ஓடினார்கள். குறுக்கே வெட்டினார்கள், திரும்பினார்கள், கத்தினார்கள். என் ஆட்கள் நின்றார்கள். போகிற இடமெல்லாம் ஒருவன் கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தான். இரண்டாம் பாதியில் என் சிநேகிதன் கோட்டுக்கு வெளியே போய்க் குனிந்து வாந்தி எடுத்தான். அத்தான் அவன் வாயைத் துடைத்துக்கொள்ளக்கூட விடாமல் கெண்டைக்காலில் அடித்து உள்ளே துரத்தினார். "மாஸ்டர், டிரில் நடக்குதா?" என்று கூட்டம் கேட்டது. "ஓடு, ஓடு" என்று கத்திக் கத்தி அத்தானின் குரல் கட்டிப்போய், கடைசியில் வாய் மட்டும் அசைந்தது. நான் கோட்டோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். எனக்கு இனித்தது. அவன் வாந்தியும் சேர்த்துத்தான்.

பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தோம். முடிந்ததும் அத்தான் யாருக்கும் கைகொடுக்காமல் மைதானத்தின் குறுக்கே நேராக என்னிடம் வந்தார். எழுந்து நின்றேன். இந்த நிமிஷத்துக்காகவே ஒரு வாக்கியத்தைப் பல மாதமாக மனதில் தீட்டி வைத்திருந்தேன்.

"யாரோட யோசனை இது?"

"என்னோடது. பந்து வராத ஆளுக்கு வேடிக்கை பார்க்க நெறைய நேரம் கெடைக்குது அத்தான்."

அது அவர் காதில் விழவே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம்டா! அந்தப் பின்னாடி நடு ஆளு எந்தக் காலை முன்னாடி வெக்கிறான்? பந்து மூலைக்குப் போனா யாரு நகர்றா?" என்று பிரம்பு நுனியால் மண்ணில் கோடு போட ஆரம்பித்தார். அவமானம், தோல்வி, நான் வீட்டை விட்டுப் போனது, எதுவுமே அந்த முகத்தில் இல்லை. என்ன வேடிக்கை என்றால், நான் குந்தி உட்கார்ந்து அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். வெளிச்சம் போகும்வரை சொன்னேன்.

அவருக்கு அது போதும். முன்னால் நிற்கும் இருவருக்கும் பின்னால் நிற்கும் மூவருக்கும் நடுவே ஒரு பொந்து இருந்தது. அந்தப் பொந்தில் கூடைக்கு முதுகு காட்டி ஒருவனை நுழைத்தார். பந்து அவனிடம் போகும், உடனே வெளியே வரும். நின்றிருந்த ஐந்து பேரும் அவனைப் பார்த்துத் திரும்பினால் மற்றவர்கள் புகுந்துவிடுவார்கள். அந்த இடத்துக்கு என் சிநேகிதனைப் போட்டார். நான்கு பக்கமிருந்தும் முழங்கை விழும் இடம் அது. அடுத்து மில் கோஷ்டியோடு ஆடிய பந்தயத்தில் அவன் முன்பல் இரண்டு போயின. "அங்க நிக்கிறவனுக்கு அடி படத்தான் செய்யும்" என்று அத்தான் அவன் வாயில் துணியை அடைத்து மறுபடியும் உள்ளே அனுப்பினார். எங்களைக் கிழித்துப்போட்டார்கள். வெற்றிலைப் பல்காரன் என் பக்கத்தில் வந்து காறித் துப்பிவிட்டு, "இன்னாவோ பெரிய யோசனைன்னியே" என்றான். அதோடு மில் கோஷ்டி என்னைக் கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்து, அக்கா சொல்லியனுப்பியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனேன். இலையில் உட்கார்ந்ததுமே அத்தான் கேட்டார்: "வர்ற வருஷம் திரும்பி வந்துடேன். ஓடறதுக்கு உன்னை மாதிரி ஆளு கெடைக்கலே."

"பந்து வருமா?"

உண்மையாகவே யோசித்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி ஒரு பந்தயத்தையே மனதுக்குள் ஆடிப் பார்த்திருப்பார் போல.

"வராது" என்றார்.

"வரும்னு சொன்னாத்தான் என்ன? வந்துடுவான்ல" என்று அக்கா அவரைக் கடிந்தாள்.

"இவனுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. இனிமே பொய் சொன்னா நம்ப மாட்டான். பாதி ஓட்டத்துல நின்னு என் மூஞ்சியைப் பார்ப்பான். ஆட்டம் கெட்டுடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியாமல் சிரித்தேன். அவரும் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தார். அக்காவுக்கு எங்கள் இருவர் மீதும் கோபம் வந்து, மீன் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ரசம் ஊற்றக்கூட அவள் திரும்பி வரவில்லை. நானே எழுந்துபோய் எடுத்துக்கொண்டேன்.