எல்லாருக்குமான சட்டை

எங்கள் தீவின் பஜாரில் நான் துணி எடுக்கும் கடை அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் சரக்கு வந்ததும் மூட்டையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்க மாட்டார். கடைவாசலில் தார்ப்பாய் விரித்து அப்படியே கொட்டிவிடுவார். சட்டை, நைட்டி, லுங்கி, குழந்தை ஜட்டி எல்லாம் ஒரே குவியல். பெங்காலி, தெலுங்கு, மலையாளி, தமிழ் என்று எல்லாரும் குந்தியபடி கிளறுவோம். அடுத்த கப்பல் எப்போதோ என்கிற பயத்தில், பக்கத்தில் இருப்பவர் எதை உருவுகிறார் என்று பார்க்க ஒருவருக்கும் நேரமிருக்காது.

அந்தக் குவியலிலிருந்துதான் என் சட்டைகளை எடுத்தேன். ஆம்பளைச் சட்டை. முழுக்கை, கட்டம் போட்டது, மார்பில் பை வைத்தது. நாற்பது வயதுப் பெண்ணுக்கு இது என்ன ஆசை என்று கேட்டால், ஆசைதான். சுடிதாருக்குள் இருக்கும்போது என் உடம்பே எனக்கு இரவல் வாங்கியது மாதிரி இருக்கும். சட்டை போட்டால் நிம்மதியாக மூச்சு வரும். வேறு விளக்கம் என்னிடம் இல்லை. யாருக்கும் நான் அதைத் தரவேண்டியதும் இல்லை.

அம்மாவிடம் மட்டும் ஒரு பொய் வைத்திருந்தேன். எனக்குக் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர் வேலை. தினமும் எங்கள் ஊர் பாம்பூஃப்ளாட்டில் படகேறி எதிர்க்கரையில் சாத்தாமில் இறங்கி சைட்டுக்குப் போக வேண்டும். "சைட்ல எல்லாருக்கும் சட்டைதாம்மா யூனிஃபார்ம்" என்று சொல்லியிருந்தேன். அம்மா அதை நம்பி, காலரை நன்றாகத் தேய்த்துத் துவைத்துக் கொடுப்பாள். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் அரசாங்கத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. துணிக்கடைகளில் ஆணுக்கு, பெண்ணுக்கு என்று தனிப் பகுதி கூடாதாம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பகுதி வைத்து, மேலே போர்டு மாட்ட வேண்டுமாம். நல்ல எண்ணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே உத்தரவில், சரக்கைத் தரையில் கொட்டக் கூடாது, ஸ்டாண்டில்தான் தொங்கவிட வேண்டும் என்றும் இருந்தது. தார்ப்பாய் போயிற்று.

"தரையில கொட்டிக் கெடந்தப்ப ஒரு பிரிவும் இல்ல. இப்ப பிரிவு இல்லன்னு காட்டுததுக்கு ஒரு பிரிவு வைக்கணுமாம்லா" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

போர்டுக்குக் கீழே யாரும் நிற்கவில்லை. அங்கே நிற்பதே ஊருக்கு எதையோ அறிவிப்பதாக ஆகிவிட்டது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு ஒரு நாள் நான் போய் நின்றேன். என் நேரம், சோதனைக்கு ஒரு அதிகாரியும் அப்போதே உள்ளே நுழைந்தார். அண்ணாச்சிக்கு லைசென்ஸ் பயம். "தேக்கியே சாப்!" என்று என்னைக் கைகாட்டி, இந்த மேடம் எப்போதுமே ஆம்பளைச் சட்டைதான் எடுப்பார் என்று இந்தியில் ஒப்பித்தார். இத்தனை வருஷம் கண்டும் காணாமல் இருந்த மனிதர்!

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். "பஹுத் அச்சா!" என்று போனை எடுத்தார்.

"போட்டோ மத் லீஜியே, சாப்" என்றேன், போட்டோ வேண்டாம் என்று.

வெட்கப்படாதீர்கள், உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த ஆர்டரே என்று சொல்லி எடுத்துக்கொண்டார். என் விருப்பத்துக்காகப் போட்ட ஆர்டரில் என் விருப்பத்தை மட்டும் கேட்கவில்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் படகேறிக் கரை சேர்வதற்குள் படம் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஏறி, பக்கத்து வீட்டுக்காரி போன் வழியாக அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. 'தன் விருப்பப்படி உடுத்தும் பெண்' என்று அதற்கடியில் எழுதியிருந்ததை அவளே வாசித்தும் காட்டியிருக்கிறாள். வீட்டுக்குள் போனதும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கம்பெனி போடச் சொல்லுதுன்னுல்ல நெனச்சேன். நீயா ஆசைப்பட்டா போட்ட?"

பிடித்துக்கொள்ள எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை. "கவர்மென்டே ஆர்டர் போட்டிருக்கும்மா. யாரு எதை வேணாலும் எடுக்கலாம்னு."

"அது கடைக்குப் போட்ட ஆர்டர்டி" என்றாள் அம்மா. "வீட்டுக்கு இல்ல."

மறுநாள் சுடிதார் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.