ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே

மதர்போர்டை உறையிலிருந்து எடுக்கும் முன் அப்பா இடது கையால் கம்ப்யூட்டர் கேபினெட்டின் வர்ணம் பூசாத இரும்பு ஓரத்தைத் தொடுகிறார். மூன்று நொடி. உடம்பில் தேங்கிய மின்னேற்றம் இரும்புக்குப் போய்விடும். அதன் பிறகே போர்டு. அதுவும் விளிம்பில் மட்டும் விரல் படும். இந்தப் பழக்கம் மேசையோடு நிற்பதில்லை. பேருந்தில் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவார். வங்கியில் கையெழுத்துப் போடும் முன் மேசையின் இரும்புக் காலைத் தேடுவார்.

அறுபத்தேழு வயது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசை மேல் கறுப்பு ரப்பர் விரிப்பு, மேலே ஒரு குழல்விளக்கு, ஓரத்தில் இரண்டு சோப்பு டப்பாக்கள். அகலப் புரி திருகுகள் ஒன்றில், நெருக்கப் புரி திருகுகள் இன்னொன்றில். இரண்டையும் கலந்து வைப்பவர்களை அவர் மன்னிப்பதில்லை. "அந்த ஆள் வீட்ல நான் தண்ணிகூடக் குடிக்கமாட்டேன்" என்று ஒரு பழைய கூட்டாளியைப் பற்றி இன்றும் சொல்கிறார்.

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்களை எதிரில் உட்கார வைத்துத்தான் மாட்டுவார். "மூலையில சின்ன முக்கோணம் இருக்கு பாருங்க. ப்ராசசர்லயும் ஒண்ணு இருக்கு. ரெண்டும் சேர்ந்தா அதுவா உக்காரும். அமுக்கினா உக்காராது, படுத்துடும்." போர்டின் திருகுகளை எல்லாம் முதலில் பாதி மட்டும் முறுக்குவார், பிறகு மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே பக்கமாக முறுக்கினால் போர்டுக்கு முதுகு வளைந்துவிடும் என்பார். நான் மின்சுற்றுப் பலகைகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். அதில் அவருக்குப் பெருமை உண்டு, காட்டிக்கொள்ளமாட்டார். "நீ வரையறவ, நான் மாட்டறவன். வரைஞ்சது எரியாது. மாட்டினது எரியும்."

ஒன்று எரிந்தும் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன். போர்டு கேபினெட்டின் தகட்டில் படாமல் இருக்க அடியில் பித்தளைக் கால்கள் வைப்பார்கள். போர்டில் துளை இருக்கும் இடத்தில் மட்டுமே கால் இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒரு பழைய காலை அப்பா கழற்ற மறந்துவிட்டார். பொத்தானை அழுத்தியதும் புகை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மாவைக் கூப்பிட்டு, கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு வேலையாகச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். இருபத்து நான்கு வரிகள். பித்தளைக் கால் பற்றிய வரிக்கு அடியில் இரட்டைக் கோடு.

அன்றிலிருந்து அம்மா படிப்பார், அப்பா செய்வார். செய்து முடித்ததும் "ஆச்சு" என்பார். அந்தச் சொல் வராமல் அம்மா அடுத்த வரிக்குப் போகமாட்டார். தெருவில் அவருக்குப் பெயரே ஆச்சு சார். எனக்கு வேலை உத்தரவு வந்த அன்று நான் கடிதத்தோடு ஓடி வந்தேன். பதினாறாவது வரியில் ஒரு திருகு பாக்கி இருந்தது. அதை முறுக்கி, "ஆச்சு" சொல்லி, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்த பிறகுதான் என்ன என்று கேட்டார். மூடி கழற்றிய எந்தப் பெட்டிக்கும் இருபத்து நான்கு வரியும் உண்டு. தூசி தட்டத் திறந்தாலும் சரி. செய்யாத வேலைக்கு அவர் "ஆச்சு" சொன்னதை நான் கேட்டதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. தினம் ஒரு மாத்திரை, நிறுத்தவே கூடாது என்றார் மருத்துவர். அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "எனக்கு வேர்க்குதா? தலை சுத்துதா? ஓடற மெஷினைப் பிரிக்கக் கூடாது" என்றார். அம்மா ஒரு மாதம் சண்டை போட்டார். பிறகு போனில் அந்தப் பேச்சே வரவில்லை. நானாகக் கேட்டபோது, "சாப்பிடறார். நீ கவலைப்படாதே" என்றார். எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அம்மா போய் ஆறு வாரம் ஆகிறது. காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தார். நான் வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, ரத்த அழுத்தம் பல வருடமாகவே அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அம்மாவின் கையில் ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையை அதற்கு முன் யாரும் சுற்றிப் பார்த்ததில்லை. அப்பாவை ஒவ்வொரு மாதமும் மருத்துவரிடம் அழைத்துப் போனவர் அவர்; பக்கத்து நாற்காலியில் பையோடு உட்கார்ந்திருந்தவர் அவர். அப்பா கட்டிலருகே வந்தார். இடது கையால் கட்டிலின் இரும்பைத் தொட்டார். மூன்று நொடி. பிறகு அம்மாவின் கையைப் பிடித்தார்.

நான் விடுப்பு போட்டு இங்கேயே இருக்கிறேன். துக்க வீடு என்று யாரும் வேலை கொண்டுவருவதில்லை. அப்பா தினமும் மேசையைத் துடைக்கிறார், சோப்பு டப்பாக்களைத் திறந்து பார்த்து மூடுகிறார். போன வாரம் எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "அம்மா போனதுக்கப்புறம் சாருக்கு மாத்திரை வாங்க யாருமே வரலையே, வேற கடையில வாங்கறீங்களா?" என்று கேட்டார். நான் வீட்டுக்கு வந்து தேடினேன். நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பாதி அப்படியே இருந்தது.

கடைக்காரரின் ரத்த அழுத்தக் கருவியை இரவல் வாங்கி வந்து அளந்தேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு, நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி அளந்தேன். அதே அளவு. அம்மாவுக்கு மருத்துவமனையில் முதலில் எழுதிய எண்கள் எனக்கு மனப்பாடம். அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அப்பா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரிப்பேர். கொடு, பிரிச்சுப் பார்க்கறேன்."

மாத்திரையை நீட்டினேன். வேண்டாம் என்றார். கெஞ்சினேன். அதட்டினேன். எழுந்து போய் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். அம்மா சொன்னால் மட்டும் சாப்பிட்டீர்களே என்றேன். "அவ சொன்னான்னு யார் சொன்னது? அது நோட்ல இருக்கு" என்றார்.

நோட்டை எடுத்தேன். ஒன்பதாவது வரிக்கும் பத்தாவது வரிக்கும் நடுவே, வேறு மையில், இடுக்கி எழுதியிருந்தது அம்மாவின் கையெழுத்து. "9அ. தண்ணீர். மாத்திரை." மாத்திரையை மறுக்க அவரால் முடிந்தது. நோட்டில் இருந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

ஆனால் வாரத்துக்கு இரண்டு, மூன்று பெட்டிகள்தான் வேலைக்கு வரும். மாத்திரையோ தினமும். மிச்ச நாட்களுக்கு அம்மா என்ன செய்தார் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவே சொன்னார், வேறு எதையோ சொல்வதாக நினைத்துக்கொண்டு.

முன்னறை மூலையில் வீட்டுக்கென்று ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அம்மா அதில் சீட்டு விளையாடுவார். அதைத் தட்டிக் கொடுத்தபடி அப்பா அதன் வரலாற்றைச் சொன்னார். நான்கு வருடமாக ஒரே கோளாறு. ஹார்ட் டிஸ்க் கேபிள் கழன்று கழன்று போகும். கேபிளை மூன்று முறை மாற்றினார். டிஸ்க்கை மாற்றினார். கடைசியில் போர்டையே மாற்றினார். அப்படியும் காலையில் அம்மா கூப்பிடுவார்: என்னங்க, மறுபடி படுத்துடுச்சு.

"இப்ப பாரு," என்றார் அப்பா. "ஆறு வாரமா ஒரு தடவைகூடப் படுக்கல. உங்க அம்மா இருந்து பார்த்திருக்கணும் இதை."

ஒரு கோளாறு திடீரென்று நின்றால், அந்த நாளில் மாறியது என்ன என்று பார்க்க வேண்டும். என் தொழிலில் முதல் பாடம் அது. மாறியது ஒன்றே ஒன்றுதான்.

சந்தேகத்துக்கு ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். வெளி வேலை இருந்த நாளில் இது எப்போதாவது படுத்திருக்கிறதா? அப்பா யோசித்தார். "இல்ல. அதான் இதுகிட்ட உள்ள குணம். வேலை இருக்கிற நாள்ல தொந்தரவே குடுக்காது. மனுஷங்களுக்கு வருமா அந்தப் புத்தி?"

நான்கு வருடம். வேலை இல்லாத ஒவ்வொரு காலையும் அவர் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில் அம்மா அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறார். கேபிளை ஒரு நகத்தின் அளவு இழுத்துவிட்டு, மூடியை மூடிவிட்டு, சீட்டு விளையாட வந்தவர்போல நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் காலை அப்பா குளிக்கப் போனதும் நான் திறந்தேன். கேபிளை இழுத்திருக்கலாம். படித்த புத்தி, நினைவகத் துண்டான ரேமைக் கழற்றினேன். அது இன்னும் நம்பும்படியான கோளாறு என்று தோன்றியது. பாதி தூக்கி வைத்துவிட்டு மூடினேன். அப்பா வந்ததும், கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்றேன். அவர் முகத்தில் ஆறு வாரமாக இல்லாத ஒரு சுறுசுறுப்பு வந்தது. "பார்த்தியா, சொல்லி வாயை மூடல" என்று துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு மேசைக்கு வந்தார். நோட்டை என்னிடம் தள்ளினார்.

ஒன்று: ப்ளக் வெளியே. ஆச்சு. இரண்டு: பவர் பொத்தானை அழுத்தி உள்ளே மிச்சமிருப்பதை இறக்கு. ஆச்சு. மூன்று: இரும்பைத் தொடு. நான் வேகமாகப் போனேன் போலிருக்கிறது. "மெதுவா படி. அவ அவசரப்படமாட்டா" என்றார். ஏழு, பித்தளைக் கால்கள். டார்ச் அடித்துத் தகட்டின் அடி வரை எட்டிப் பார்த்தார். ஆச்சு. எட்டு, ஃபேன் திருகுகள். ஆச்சு.

ஒன்பது: ரேம். பள்ளம் பார்த்து நேராக அழுத்து. இரண்டு காதும் மூட வேண்டும்.

அந்தச் சொல் வரவில்லை. நான் காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அப்பா ரேமின் இரண்டு பக்கமும் உள்ள பிளாஸ்டிக் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் விரியத் திறந்திருந்தன.

"கேபிள் லூஸ் ஆகும்," என்றார். "சூடாகும், ஆடும், கழலும். இந்தக் காது தானா திறக்காதும்மா. இதுக்கு விரல் வேணும்."

நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே விரலை வைத்தேன்.

அந்த வரியை அவர் ஆயிரம் முறையாவது கேட்டிருப்பார். இப்போதுதான் படிப்பவர்போலப் படித்தார். பிறகு அவர் பார்வை மெல்லப் பெட்டிக்குள் போய் ஹார்ட் டிஸ்க்கின் சிவப்புக் கேபிளில் நின்றது. நெடுநேரம் நின்றது. முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். இவருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று எழுந்தேவிட்டேன்.

"அதுவுமா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"தினமுமா?"

"வேலை இல்லாத நாள்ல மட்டும்ப்பா."

கேபிளின் நுனியை ஒரு விரலால் தொட்டார். அவர் கேட்ட அடுத்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "ப்ளக்கை உருவிட்டுத்தான கை வெச்சிருப்பா?"

"முதல் வரியே அதுதானேப்பா. அவங்க கையாலயே எழுதினது."

நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தானாகவே கையை நீட்டி அட்டையை எடுத்தார். ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டார். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் விழுங்கிவிட்டார். தொண்டையில் சிக்கி இரண்டு முறை இருமினார். நான் தம்ளரோடு எதிரில் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மாத்திரை உள்ளே போய்விட்டது என்று காட்ட வாயை அகலமாகத் திறந்து, நாக்கைத் தூக்கி, நான் குனிந்து பார்க்கும் வரை அப்படியே வைத்திருந்தார்.